விருந்தினருக்காகக் கட்டிய ஊர்

இங்கிலாந்தில் வேலையில் இருந்தபோது, பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மார்கேட் என்ற கடற்கரை ஊருக்குச் சென்று வந்ததாகவும், அங்கே எதுவுமே நடக்காத நிலையிலும் மனம் கனத்துவிட்டதாகவும் எழுதி, இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அத்தகைய ஊர்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது ஒன்று. மும்பையில் பிறந்து வளர்ந்தும் இங்கே அந்த உணர்வு ஏன் வந்ததில்லை, நம் பக்கம் அப்படியோர் ஊரே கிடையாதா என்பது மற்றொன்று. மும்பையின் மேற்குக் கரையில் உப்புக்காற்றால் பழுதான கட்டடங்களைச் சீர்செய்வது என் தொழில். அந்தத் தொழில் காரணமாகவே இந்தப் பொருளை நெடுங்காலமாக மனத்தில் வைத்திருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பழமை மட்டும் ஓர் ஊரைத் துயரமாக்கிவிடாது. மதுரை எவ்வளவோ பழமையானது. அங்கிருந்து யாரும் மனம் கனத்துத் திரும்புவதில்லை. ஏழ்மையும் அதற்குப் போதாது. தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் மாலை ஆறு மணிக்கு நடந்துபார்த்தால் இது விளங்கும். கடற்கரை உல்லாச ஊரின் நிலை வேறு. பிற ஊர்களுக்கெல்லாம் ஆறு, சந்தை, கோயில், ஆலை, துறைமுகம் என்று அங்கே வாழ்பவர்களைச் சார்ந்த ஒரு காரணம் இருந்தது. உல்லாச ஊர் மட்டும், வேறெங்கோ வாழ்பவர்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் வந்து தங்குவதற்காகவே எழுந்தது. அதன் வீதி, விளக்கு, நடைபாதை, அறை, சாய்வு நாற்காலி எல்லாமே வரப்போகிறவரை எண்ணி அமைக்கப்பட்டவை. வருகிறவர் நின்றுவிட்டால், அந்த எதிர்பார்ப்பு கட்டட வடிவில் அப்படியே எஞ்சி நிற்கிறது. மார்கேட்டில் உங்கள் மனத்தைக் கனக்கவைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் என்று சிலர் இதைச் சொல்வதுண்டு. அந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும், ஏனென்றால் மண்டபத்துக்கு அடுத்த முகூர்த்தம் இருக்கிறது.

தொடக்கத்தில் மக்களைக் கடலுக்கு அனுப்பியவர்கள் மருத்துவர்கள். 1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரே மருந்து என்று லத்தீனில் ஒரு நூல் எழுதினார். அந்த நீரில் குளிப்பதோடு அதைக் குடிக்கவும் சொன்னார். பிரைட்டன் என்ற மீனவர் குடியிருப்பு, அவருடைய நோயாளிகள் வரத் தொடங்கிய பிறகுதான் நகரமாக வளர்ந்தது. மார்கேட்டில் 1790களில் ஏழை நோயாளிகளுக்கென்றே கடற்குளியல் மருத்துவமனை ஒன்று எழுந்தது. உடை மாற்றிக்கொண்டு பிறர் கண்ணில் படாமல் நீரில் இறங்குவதற்காக, சக்கரம் வைத்த சிறு மர அறைகளைக் குதிரை பூட்டிக் கடலுக்குள் இழுத்துச் சென்றார்கள். அந்த ஊர்களில் நடைபாதை நெடுகக் கடலைப் பார்த்தபடி இருக்கைகளும், காற்றுத் தடுப்பு வைத்த அமர்விடங்களும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உடம்பு தேறுவதற்காக உட்கார்ந்திருந்தவர்களின் ஊராக அவை பிறந்தன. கேளிக்கை பின்னால் வந்து சேர்ந்தது. அந்த முதல் குணம் முற்றிலும் மறையவில்லை.

ரயில் வந்ததும் கணக்கு மாறியது. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 1841இல் பாதை போட்டார்கள். மார்கேட்டுக்கும், நாட்டின் வடமேற்கே உள்ள பிளாக்பூலுக்கும் 1846இல் ரயில் வந்தது. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. பிளாக்பூல் இருக்கும் லங்காஷயரின் பஞ்சாலை நகரங்களில் வேக்ஸ் வாரம் என்றொரு வழக்கம் இருந்தது: ஒவ்வொரு நகரமும் தன் முறை வரும்போது ஒரு வாரம் ஆலைகளை மூடும், கொதிகலன்களைச் சுத்தம் செய்து பழுதுபார்ப்பார்கள், ஊரே மூட்டை கட்டிக்கொண்டு பிளாக்பூலுக்குப் போகும். இந்த வாரம் ஓர் ஆலை ஊர், அடுத்த வாரம் இன்னோர் ஆலை ஊர் என்று கோடை முழுக்க அறைகள் நிறைந்திருக்கும். அந்தப் பணத்தில்தான் கடலுக்குள் நீளும் மூன்று இரும்புப் பாலங்களும், 1894இல் திறந்த 158 மீட்டர் உயரக் கோபுரமும் வந்தன. 1938இல் ஊதியத்தோடு கூடிய விடுப்புக்குச் சட்டம் இயற்றப்பட்டது. உலகப் போர் முடிந்தபின் சில ஆண்டுகள் அந்த ஊர்கள் தங்கள் உச்சத்தில் இருந்தன.

உங்கள் இரண்டாவது கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. மும்பையிலும் பஞ்சாலைகள் இருந்தன. பரேலிலும் லால்பாக்கிலும் அவற்றை நம்பி லட்சக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். கடலோ நடந்துபோகும் தொலைவில் இருந்தது. இருந்தும் அந்தத் தொழிலாளி விடுப்பில் கடலுக்குப் போகவில்லை. கணபதிக்கும் மே மாதத்துக்கும் கொங்கணத்தில் இருந்த தன் கிராமத்துக்குப் போனார். அப்படி வருகிறவரைக் கொங்கணத்தார் இன்றும் சாக்கர்மானி, அதாவது நகரத்துக்கு வேலைக்குப் போனவர், என்றுதான் அழைக்கிறார்கள். நம்மவரும் அப்படித்தான். தாராவியில் தோல் தொழிலுக்கு வந்த திருநெல்வேலிக்காரர், அம்மன் கோயில் கொடைக்கு நாள் குறித்த செய்தி வந்ததும் நாகர்கோவில் வண்டிக்கு டிக்கெட் எடுத்தார். மாட்டுங்காவில் இருந்தவர் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைக் குலதெய்வக் கோயிலுக்கும் தாத்தா வீட்டுக்கும் என்று பிரித்தார். நமக்கு விடுமுறை என்றால் ஊர். லங்காஷயர் தொழிலாளிக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. அவருடைய பாட்டன் காலத்திலேயே நிலத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. இல்லாத ஊருக்குப் பதிலாக அவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டதுதான் கடற்கரை ஊர். ஆண்டுதோறும் அதே வாரம், அதே விடுதி, அதே வீட்டுக்கார அம்மாள், அதே அறை என்று குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்தன. அந்த ஊர்கள் மங்கியபோது ஒரு பெரிய மக்கள் கூட்டம் தன் சொந்த ஊரை இரண்டாம் முறையாக இழந்தது என்றே நான் கருதுகிறேன். அவர்கள் அதை இவ்வளவு ஏக்கத்தோடு பேசுவதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மங்கியது எப்படி என்பது பலருக்கும் தெரிந்த கதை, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 1950களிலிருந்து விமானப் பயணமும் தங்குமிடமும் சேர்த்த சுற்றுலாத் திட்டங்கள் வந்தன. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் அதே குடும்பம் ஏறக்குறைய அதே செலவில் ஸ்பெயினின் வெயிலுக்குப் போக முடிந்தது. கார் வைத்திருந்தவர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பினார்கள். ஆலைகளே மூடத் தொடங்கியபின் வேக்ஸ் வாரம் என்ற ஏற்பாட்டுக்கும் பொருள் இல்லாமல் போயிற்று. தங்குவதற்கு ஆள் இல்லாத விடுதிகளை உரிமையாளர்கள் ஒற்றை அறைகளாகப் பிரித்து மாத வாடகைக்கு விட்டார்கள். வேறெங்கும் வீடு கிடைக்காதவர்கள் அவற்றில் குடிவந்தார்கள். ஒரு குடும்பம் ஒரு வாரம் உல்லாசமாகத் தங்குவதற்காகக் கட்டிய அறையில், ஒரு மனிதர் மழையும் குளிருமாக ஆண்டு முழுவதும் வாழ நேர்ந்தது. வேலை தேடுவதிலும் கடற்கரை ஊருக்கு ஒரு தனிக் குறை உண்டு: உள்நாட்டு ஊரிலிருந்து எட்டுத் திசையிலும் வேலைக்குப் போகலாம், இங்கே பாதி வட்டம் தண்ணீர். 2021இல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அலுவலர் தம் ஆண்டறிக்கையைக் கடலோர மக்களின் உடல்நலம் பற்றியே எழுதினார். நாட்டிலேயே மிக மோசமான உடல்நலமும் குறைந்த ஆயுளும் கொண்ட பகுதிகளில் கடலோர ஊர்கள் இருக்கின்றன என்பது அதன் முடிவு. உடல் தேற மருத்துவர் அனுப்பிவைத்த அதே ஊர்களைப் பற்றி மருத்துவரே இப்படி எழுத வேண்டிவந்ததை, இந்த வரலாற்றிலேயே மிக வருத்தமான இடமாக நான் பார்க்கிறேன்.

கடற்கரையையும் ஏக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல் என்றும், அதற்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது சூரியன் சாயும் நேரம் என்றும் நம் முன்னோர் வகுத்தார்கள். அந்தப் பாடல்களில் தலைவன் தேரில் வருகிறான், போகிறான். தலைவி புன்னை நிழலிலும் தாழை வேலி ஓரத்திலும் அங்கேயே இருக்கிறாள். வருகிறவனுக்குப் போக இடம் உண்டு, இருக்கிறவளுக்கு இல்லை. புகார்க் கடற்கரையில் இந்திர விழா முடிந்து ஊரே கடலாடச் சென்ற நாளில்தான் கோவலனும் மாதவியும் பிரிந்தார்கள். விழாக் கூட்டத்தின் நடுவே, மணலில், யாழ் மீட்டிப் பாடிக்கொண்டிருந்தபோது நேர்ந்த பிரிவு அது. உல்லாசமும் பிரிவும் ஒரே கரையில் நிற்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாகத் தெரியவில்லை. மார்கேட்டில் உங்களுக்கு வந்த உணர்வுக்கு ஆங்கிலேயர் வரலாறு தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்து, எனக்கு நன்கு தெரிந்த பகுதி. இந்த ஊர்கள் ஏன் கண்ணுக்கு இவ்வளவு விரைவில் வெளிறிப்போகின்றன என்பதற்குத் தெளிவான பௌதிகக் காரணம் உண்டு. கடல் அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் உப்பைச் சுமந்துவருகின்றன. அந்த உப்பு ஈரத்தோடு சேர்ந்து சிமெண்ட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை அது பருக்கும். அந்த அழுத்தத்தில் மேலே மூடியிருக்கும் காங்கிரீட் உள்ளிருந்தே விரிசல் விடுகிறது. ஜுஹுவிலோ வெர்சோவாவிலோ கடலைப் பார்த்த ஒரு பழைய பால்கனியின் அடிப்பக்கத்தை நாங்கள் சோதிக்கும்போது, கருவி எதையும் வைப்பதற்கு முன் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவோம். நல்ல இடத்தில் ‘டங்’ என்று இறுக்கமான ஒலி வரும். பழுதான இடத்தில் ‘டொப்’ என்று உள்ளீடற்ற ஒலி வரும். அந்த ‘டொப்’ கேட்ட இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவோம். வெளியிலிருந்து பார்த்தால் புது வண்ணம் பளிச்சென்று இருக்கும். சில பால்கனிகளில் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வட்டமாகிவிடும். சொசைட்டிக்காரர்கள் அண்ணாந்து அந்த வெள்ளைக் கோடுகளைப் பார்க்கும்போது அவர்கள் முகம் மாறுவதைக் கவனித்திருக்கிறேன். அதுவரை அது லீக்கேஜ் தொல்லை. அதன்பின் அது வீட்டின் ஆயுள்.

பிரிட்டிஷ் கடற்கரை ஊர்கள் இந்தச் சிக்கலை இன்னும் கடுமையாகச் சந்தித்தன, ஏனென்றால் அவற்றின் அழகெல்லாம் இரும்பிலும் மரத்திலும் இருந்தது. வார்ப்பிரும்புத் தூண்கள், பூவேலை செய்த கைப்பிடிகள், மரப் பலகணிகள், மின்விளக்குத் தோரணங்கள் எல்லாவற்றுக்கும் ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்கும் முன் வண்ணம் அடித்தாக வேண்டும். வண்ணம் அங்கே அலங்காரம் மட்டுமல்ல, உப்புக்கு எதிரான ஒரே கவசம். ஒரு பருவம் வருமானம் குறைந்தால் அந்த ஆண்டு வண்ணம் தள்ளிப்போகும். அடுத்த ஆண்டு துருவைச் சுரண்டும் செலவும் சேர்ந்துகொள்ளும். வெளிறிய முகப்பைப் பார்த்து இன்னும் சிலர் வராமல் போவார்கள். மேலும், இந்தக் கட்டடங்களில் செலவெல்லாம் கடல் பார்த்த முகப்பில்தான். பின்பக்கம் வெறும் செங்கல் சுவரும் குழாய்களும். முகப்பு மங்கினால் தாங்கிப்பிடிக்க வேறு அழகு எதுவும் மிச்சமிருக்காது. மார்கேட்டில் 1855இல் யூஜீனியஸ் பர்ச் என்ற பொறியாளர் அமைத்த இரும்புத் துறைமேடையை 1978 ஜனவரிப் புயல் உடைத்துக்கொண்டு போயிற்று. அதே பொறியாளர் பிரைட்டனில் 1866இல் அமைத்த மேற்குப் பாலம் 1975இல் மூடப்பட்டு, 2003இல் தீக்கிரையாகி, இன்று கரையோடு தொடர்பில்லாத இரும்புக் கூடாகக் கடலில் நிற்கிறது. கட்டடத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கூடு நிற்பதே பர்ச்சின் திறமைக்குச் சான்று. பராமரிப்பு இல்லாமல், தீயும் பட்டு, அலையில் இத்தனை ஆண்டு நின்ற இரும்பு அதிகமில்லை.

மும்பைக்கு வருவோம். இங்கேயும் ஒரு கடற்கரை ஊரைக் கட்டும் எண்ணம் இருந்தது. 1890களில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜுஹுவில் நிலம் வாங்கி, மனைகளாகப் பிரித்து, கடற்கரை உல்லாச ஊர் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டார்; அங்கே மக்கள் வந்துசேர மாஹிம் தரைப்பாலத்தை அந்தப் பகுதி வரை நீட்டவும் விரும்பினார். 1904இல் அவர் இறந்ததோடு திட்டமும் நின்றது. ஜுஹு நெடுங்காலம் தென்னையும் மணலுமாக, உடம்பு தேறப் போகிற இடமாகவே இருந்தது. குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 1924இல் காந்தி ஓய்வெடுத்தது அங்கேதான். 1928இல் விமானத் தளம் வந்தது, பின்னர் திரைப்படக்காரர்களின் பங்களாக்கள், பிறகு பெரிய ஹோட்டல்கள். ஆனால் ஜுஹு மங்கவில்லை. மும்பை அதை விழுங்கிவிட்டது. மார்கேட் ஆள் வராததால் தேய்ந்தது, ஜுஹு ஆள் பெருகியதால் காணாமல் போயிற்று. கடற்கரைக்கு வந்தவர் ஒரு வாரத்தில் திரும்பிப்போகாமல் அங்கேயே அடுக்குமாடி வாங்கிக்கொண்ட பிறகு அதை உல்லாச ஊர் என்று எப்படிச் சொல்வது? நிலத்தின் விலை இப்படி ஏறும் ஊரில் எந்தக் கட்டடத்துக்கும் நிதானமாக மூப்படையும் வாய்ப்பு கிடைப்பதில்லை. வண்ணம் உரிவதற்குள் மறுகட்டுமானத் தாள்கள் வந்துவிடுகின்றன. மும்பையில் உங்களுக்கு அந்த உணர்வு வராததற்கு நான் காணும் முதன்மையான காரணம் இது. பாந்த்ராவின் நிலமுனையில் இருந்த ஸீ ராக் ஹோட்டல் 1993 மார்ச் 12 குண்டுவெடிப்பில் சேதமடைந்து மூடப்பட்டு, பல ஆண்டுகள் இருண்ட சன்னல்களோடு கடலைப் பார்த்து நின்று, பிறகு இடிக்கப்பட்டது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அதைக் கடந்துபோனவர்களுக்கு நீங்கள் சொல்கிற கனம் என்னவென்று தெரியும்.

நகரம் இன்னும் முழுமையாக எட்டாத மூலை ஒன்று உண்டு. மார்வேயிலிருந்து படகில் கழிமுகத்தைக் கடந்தால் மனோரி. அதற்கு அப்பால் கோராய். கோராயில் 1989இல் தொடங்கிய எஸ்ஸெல்வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்குத் தாராவி, சயான், செம்பூர்ப் பள்ளிகளிலிருந்து எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் படகேறிப் போயிருப்பார்கள்! மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு முதல் கடற்பயணமே அந்தப் படகுதான். 2022இல் அது மூடப்பட்டது. மார்கேட்டின் ட்ரீம்லேண்டு பூங்காவும் இப்படித்தான் மூடிக் கிடந்தது. மரச் சட்டங்களின் மேல் ஏறி இறங்கி ஓடும் அதன் 1920ஆம் ஆண்டுக் கேளிக்கை ரயிலின் ஒரு பகுதி 2008இல் தீயில் எரிந்தது. ஆனால் ஊரார் விடாமல் போராடியதால் பூங்கா சீரமைக்கப்பட்டு 2015இல் மீண்டும் திறந்தது. நம் பூங்காவுக்காக அப்படி யாரும் போராடவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். மட் தீவின் வார இறுதி பங்களாக்களோ வேறொரு வாழ்க்கையைக் கண்டுகொண்டன: உரிமையாளர்கள் வருவது குறைந்தபின் அவை தொலைக்காட்சித் தொடர்களின் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகின்றன.

மும்பைக்கு வெளியே, தேய்ந்த கடற்கரை ஊர் என்று முழுப் பொருளில் சொல்லத்தக்கது ஒடிசாவின் கோபால்பூர். 1936 வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கஞ்சம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரங்கூனுக்கு நீராவிக் கப்பல்கள் ஓடின. பர்மாவுக்குக் கூலிவேலைக்குப் போனவர்கள் அங்கேதான் கப்பலேறினார்கள். வணிகர்களும் கல்கத்தாவின் ஆங்கிலேயக் குடும்பங்களும் கடலைப் பார்த்து மாளிகைகள் கட்டினார்கள். 1914இல் இத்தாலியர் ஒருவர் அங்கே ஹோட்டல் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரோடு ரங்கூன் கப்பல் நின்றது, அதன் பிறகு ஆங்கிலேயரும் போனார்கள். தூண்கள் மட்டும் நிற்கும் வீடுகள் இன்றும் அங்கே உண்டு. தனுஷ்கோடியை இந்த வரிசையில் சேர்க்கச் சிலர் விரும்புவார்கள்; நான் சேர்க்கமாட்டேன். 1964 டிசம்பர் புயலில் ஒரே இரவில் அழிந்த ஊருக்கு உரியது வேறு வகைத் துக்கம். அங்கே இறந்தவர்களுக்காக அழ வேண்டும். நாம் பேசிக்கொண்டிருப்பது யாரும் இறக்காமலேயே, யாரும் அறிவிக்காமலேயே நிகழ்கிற தேய்வு.

மும்பையிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய இடம் வேண்டுமென்றால், உங்களுக்கு நான் சொல்வது உத்வாடா. வாபிக்கு அப்பால், தெற்குக் குஜராத்தில், மேற்கு ரயில்வேயின் பாதையிலேயே இருக்கிறது. பார்சிகளின் புனிதத் தீயான ஈரான்ஷா பல இடங்கள் மாறி 1742இல் இங்கே வந்துசேர்ந்தது. ஆகவே இதைக் கேளிக்கை ஊர் என்று சொல்வது சரியாகாது; ஆனால் கோயிலுக்கு வந்தவர்கள் கடற்காற்றுக்காகக் கூடுதலாகச் சில நாள் தங்க, அதற்கென்றே குடும்ப விடுதிகள் எழுந்தன. மும்பைப் பார்சிகள் இரண்டாம் வீடு கட்டிக்கொண்டார்கள். உயர்ந்த அடித்தளம், நம் திண்ணையைப் போன்ற ஓட்லா, மர வேலைப்பாடு, கம்பி பதித்த நீண்ட சன்னல்கள் என்று அந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. பல பூட்டிக் கிடக்கின்றன. 1941இல் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்த பார்சிகள் 2011 கணக்கெடுப்பில் 57,264 பேர். வீடுகளுக்கு ஆள் இல்லாமல் போனதன் காரணம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. கரையைக் கடல் கொஞ்சங்கொஞ்சமாக அரித்துவருவதால் தடுப்புச்சுவர் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மதில் ஓரம் நின்று பார்த்தபோது, இரும்புக் கிராதியின் கொண்டிகள் துருவில் ஊறிப் பருத்துக் கல்லையே பிளந்திருந்தன. ஆனால் அதன் மேலிருந்த பித்தளைப் பெயர்ப்பலகையை யாரோ அண்மையில் துலக்கி வைத்திருந்தார்கள். கோயிலுக்குள் பார்சிகள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. ஊருக்குள் நடப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை.

போவதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துயரம் வருகிறவரின் பார்வையில் பிறப்பது. இருக்கிறவரின் காலக்கணக்கு வேறு. மும்பைக் கரையில் இது மிகத் தெளிவாகத் தெரியும். ஜூன் தொடங்கினால் கடற்கரை விடுதிகளுக்கு ஆள் வருவது குறையும், கூரைகளில் நீலத் தார்ப்பாய் ஏறும், மணலில் எச்சரிக்கைக் கொடி நிற்கும். வருகிறவருக்கு அது களையிழந்த காலம். அதே மாதங்களில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வெர்சோவாவிலும் மனோரியிலும் கோலி மீனவர்கள் படகுகளைக் கரையேற்றி, வலைகளைப் பின்னி, எஞ்சின்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பார்கள். ஆண்களெல்லாம் வீட்டில் இருக்கும் காலம் அது. நாரளி பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்துவிட்டுத் தொழிலுக்குக் கிளம்புவார்கள். விருந்தினர் வருவதற்கு முன்பும் அங்கே இருந்தவர்கள் அவர்கள். விருந்தினர் போனாலும் இருப்பார்கள். பிரைட்டனுக்கும் மார்கேட்டுக்கும் கூட இத்தகைய மீனவ வாழ்க்கை ஒன்று முன்பு இருந்தது. உல்லாசம் அதை மிகச் சிறிதாக்கிவிட்ட பின் உல்லாசமும் போயிற்று, ஊர் வெறுமையாகத் தெரிந்தது. மார்கேட்டில் 2011இல் டர்னர் கலைக்கூடம் திறந்தபின் லண்டனிலிருந்து கலைஞர்களும் வசதி படைத்தவர்களும் குடியேறினார்கள். பழைய ஊர் உயிர்பெற்றது, வாடகையும் ஏறியது, ஒற்றை அறைகளில் இருந்தவர்களுக்கு அங்கே இருப்பது கடினமானது. ஊர் மீண்டது என்று மகிழ்வதா, அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்பதா என்றால், இரண்டாவது கேள்வியைக் கேட்காதவர் அந்த ஊரை நேசிக்கிறார் என்று என்னால் ஏற்க முடியாது.

உத்வாடாவுக்கு டிசம்பரிலோ ஜனவரியிலோ போனால் விடியற்காலையில் பால் நுரையைக் கண்ணாடிக் குவளையில் தருவார்கள்; அது குளிர் மாதங்களில் மட்டும் கிடைப்பது. நீங்கள் தேடுகிற உணர்வு வேண்டுமென்றால் ஆகஸ்டில், வாரநாள் ஒன்றில், மழைக்கிடையே போங்கள். திரும்பும் வழியில் கோல்வாடில் இறங்கிப் போர்டி கடற்கரையின் சவுக்குத் தோப்பையும், ஈரானியரும் பார்சிகளும் வளர்த்த சப்போட்டாத் தோட்டங்களையும் பார்த்துவிட்டு, டஹாணு வந்து லோக்கல் பிடித்துவிடலாம். விடுதியில் ஓர் இரவாவது தங்குங்கள், காலையில் போய் மாலையில் திரும்புவதை இயன்றவரை தவிர்த்துவிடுங்கள். ஆள் இல்லாத மாதம்தானே என்று வாடகையில் பேரம் பேசாதீர்கள். இத்தகைய சிறு விடுதிகளில் மழைக்காலத்தில் வந்து சேரும் இந்தக் கொஞ்சப் பணம்தான் அக்டோபரில் சன்னல்களுக்கு வண்ணமாகப் போகிறது.